பிழைத்த மணி

மூன்றாம் சமன்பாட்டில்
ஒரு கழித்தல் குறி விட்டுப்போனது.
எண்பத்து நான்கு ஜனவரி, தம்பெரே;
தட்டச்சுப் பொறியின் அந்த விசை
குளிரில் ஒட்டிக்கொள்ளும் என்கிறார் தூலிக்கி ரந்தலா.
காரணமோ, சாக்கோ.

கணினிக்குள் வெண்கலம் வார்க்கும் வழி
அந்தப் பதினோரு பக்கம்.
மேற்கோள் காட்டியவர்கள் இரண்டாயிரத்து முந்நூறு பேர்.
மறுவருடமே அவர் அனுப்பிய திருத்தத்தை
நான்கு பேர்;
அதில் ஒருவர் அவரே.
நான் அந்த நான்கில் இல்லை.

குறி இல்லாத மணி
அடங்கும் முன் அரைச்சுரம் ஏறும்,
விடைபெற்றவர் வாசலில் திரும்பி
இன்னொன்று சொல்ல வாயெடுப்பதுபோல.

ஒசாகாவில் சில்லில் பதித்தார்கள்.
மின்தூக்கிகள் கற்றுக்கொண்டன,
சோறு வெந்ததும் கூப்பிடும் குக்கர்கள்,
சொட்டுமருந்து தீர்வதை
இரவுச் செவிலியிடம் சொல்லும் கருவி.

நேற்று மூன்றாம் எண் டிராம்.
அவர் மடியில் கம்பு ரொட்டி, உருளைக்கிழங்கு.
கதவு மூடுமுன் மணி அடித்தது,
ஏறியது.
எதிர் இருக்கைக் குழந்தை
அந்த அரைச்சுரத்தைத்
தப்பாமல் பாடியது.

திருத்த வாயெடுத்தார் தூலிக்கி.

இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விட்டது.
அடுத்ததும்.