மைக் திறந்திருக்கட்டும்

முதல் ஞாயிறு பதினேழு பேர்.
மூன்றாம் ஞாயிறு ஒன்பது.
ஆறாவதில் நான், பெனினா,
பெயரை மட்டும் காட்டும் ஒரு கறுப்புச் சதுரம்:
"துஷாந்தின் ஐபேட்."
அவன் இருந்தானா,
ஐபேட் மட்டும் ஆராதனைக்கு வந்ததா
தெரியவில்லை.

கிளேட்டனில் ஆகஸ்ட். எட்டு மணிக்கு ஊரடங்கு.
வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர்,
அதற்கு மேல் கால் வைக்கக் கூடாது.
கைப்பேசி வரைபடத்தில் வட்டம் போட்டுப் பார்த்தேன்.
என் வட்டத்துக்குள் ஒரு டயர்க் கடை,
பூட்டிய நூலகம், ஒரு கல்லறைத் தோட்டம்.
சபை ஏழரையில் இருந்தது.

வாலிபர் ஊழியத்துக்கு எனக்குத் தந்த பயிற்சியில்
இணையத் தாமதம் பற்றி ஒரு வரி இல்லை.
நான் முதலடியை முடிக்கையில்
பெனினா பாதியில் இருப்பாள்,
வெரிபியிலிருந்து ஜெஃப்ரின்
அப்போதுதான் மூச்சை இழுப்பான்.
"எல்லாரும் மியூட் போடுங்க, நான் பாடுறேன்" என்றேன்.
போட்டார்கள்.
சத்தமில்லாமல் வாய்கள் திறந்தன, மூடின.
மீன்தொட்டிக்கு ஆராதனை நடத்துகிறவள் ஆனேன்.

என்னென்னவோ செய்தேன் பிறகு.
திரைக்குப் பின்னால் மெழுகுவர்த்திப் படம்.
வசனத்துக்கு வினாடிவினா,
முதலில் சொல்பவருக்குப் பத்துப் புள்ளி.
பக்திக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.
வெட்கமாக இருக்கிறது.

ஜெஃப்ரினின் செய்தி ஒரு புதன் இரவு வந்தது:
"அக்கா, கோபப்படாதீங்க.
காலையிலிருந்து இதே திரையில் விரிவுரை.
வேலை போன செய்தியும் இதில்தான் வந்தது.
அம்மா முகமும் இதில்தான்.
இதிலேயே கடவுளும் வந்தால்
அவரையும் ஒன்றரை மடங்கு வேகத்தில்
ஓட்டிவிடத் தோன்றுது."

மைக்ரோவேவ் முன்னால் நின்று படித்தேன்.
அது கத்தி ஓய்ந்தது.
சோறு மறுபடி ஆறியது.

அடுத்த ஞாயிறுக்கு அறிவிப்பு:
பாட்டில்லை. பிரசங்கம் இல்லை.
கேமராவை அணையுங்கள்.
மைக் திறந்திருக்கட்டும்.
பத்து நிமிடம் சும்மா இருப்போம்.

ஏழு பேர் வந்தார்கள்.

முதலில் சிரிப்பு, நாற்காலி நகரும் ஓசை.
பிறகு பெனினாவின் குளிர்சாதனப் பெட்டி
ஒற்றைச் சுருதியில் உறுமியது.
ஃபுட்ஸ்கிரேயில் ஆஷ்லினின் ஜன்னலருகே
நீளமாய் ஒரு சரக்கு ரயில்.
எங்கோ கடுகு வெடித்தது.
யாரோ அழுதார்கள்.
யார் என்று எவரும் கேட்கவில்லை.
அணைத்த கேமராவுக்கு அப்படி ஒரு கருணை
இருக்குமென்று எனக்குத் தெரியாது.

அப்போது ஒரு தும்மல்.

அந்த ஆண்டின் தும்மல்.
ஏழு வீடுகளில் மூச்சு நின்றது.
"ஒண்ணுமில்ல, ரூம்மேட் மிளகாய் வறுக்கிறான்"
என்றது துஷாந்தின் ஐபேட்.
ஏழு வாரத்தில் அதன் முதல் சொல்.

"நூறு வயசு" என்றாள் பெனினா.
நூறு, என்றான் ஜெஃப்ரின்.
நூறு, நூறு
முன்னும் பின்னுமாய்
ஒன்றோடொன்று இடறிக்கொண்டு வந்தன குரல்கள்.
ஒருவரும் மியூட் போடவில்லை.

பத்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது.
"இங்க மழை" என்றான் வெரிபிக்காரன்.
அவன் தகரக் கூரையை எல்லோரும் கேட்டோம்.
சற்று நேரத்தில் ஃபுட்ஸ்கிரேயில் விழுந்தது.
நான் என் ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன்.
எங்கள் வட்டங்களை ஒவ்வொன்றாய்த் தாண்டி
அவசரமே இல்லாமல்
வந்துகொண்டிருந்தது அது.

மாத அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு:
"பாடப்பட்ட பாடல்கள்."
கோடு போடப் போனவள் நிறுத்தி எழுதினேன்:
வெரிபி, மாலை 6.10.
கிளேட்டன், மாலை 6.52.

போதகர் இதுவரை எதுவும் கேட்கவில்லை.