நஞ்சை, இருபோகம்

அருமனைக்கு மேற்கே, புல எண் 412.
அடங்கலில் இன்னும் நஞ்சை, இருபோகம்.
போய்ப் பார்த்தால் ரப்பர்.

ஏசுவடியான் வாய்க்காலை மேடாக்கியது
மரச்சீனி விலை ஏறிய வருஷம்.
மரச்சீனி எலிக்குப் போனது.
மூன்று வருஷம் மட்டி வாழை;
ஒரே காற்று, எல்லாம் கிழக்கே சாய்ந்து கிடந்தது.
அப்புறம்தான் பால்மரம்.

அவர் மருமகள் சிசிலிபாய்
சிரட்டைகளைக் கழற்றி அடுக்கிக்கொண்டே சொன்னாள்:
"ஷீட்டுக்கு விலை இல்ல சார். வெட்டுக்கு ஆளும் இல்ல.
புஞ்சைன்னு எழுதித் தந்தா
பாறசாலைக்காரன் இந்த மாசமே அட்வான்ஸ் தருவான்."

நெல் விளைந்த ஏலா என்று ஏதோ இழுத்தேன்.

"நெல்லுக்கு முந்தி இங்க கைதக்காடு.
அத வெட்டினப்பம் எந்த சாரு வந்து அழுதாரு?
வெட்டினவனுக்குக் கூலி
உப்பும் கருப்பட்டியும்."

பேனாவைத் திறந்தேன்.

மழை அப்போதுதான் பிடித்தது.
சரிவுத் தண்ணீர் மொத்தமும்
பழைய மடை எங்கே என்று
யாரிடமும் கேட்காமல்
நேராக உள்ளே வந்தது.
கணுக்கால் அளவு. பிறகு முழங்கால்.
அடுக்கிய சிரட்டைகள் ஒவ்வொன்றாய்
மிதந்து போயின.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
தண்ணீரைப் பார்த்தாள்,
என் பேனாவைப் பார்த்தாள்.

"இத எழுதாண்டாம் சார்."