இன்னும் தொடங்காத சான்றிதழ்

லா பலோமா மீன்வள ஆய்வுக்கூடத்தில்
மீனின் காதுக்குள் இருக்கும் கல்லை அறுத்து
வளையங்களை எண்ணுவார்கள்.
ஒரு வளையம், ஒரு குளிர்காலம்.
எண்ணுகிற நுண்ணோக்கி
ஒரே ஒரு கணினியோடுதான் பேசும்:
பழுப்பேறிய பெட்டி, மேக் ஓஎஸ் ஒன்பது.

அமைச்சகத்தின் சர்வரோ
போன மார்ச்சிலிருந்து
பழைய சாவிகளை ஏற்பதில்லை.
மீன்களின் வயதைக் குறுந்தகட்டில் எழுதி
மொந்தெவிதேயோ பேருந்தில்
ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்பினாள் மிர்த்தா ஒலைசோலா.
இருமுறை அது உருகுவே எல்லைவரை போய்த் திரும்பியது.

என்னிடம் கேட்டது இவ்வளவுதான்:
அந்த நூலகத்தை இதில் ஓடவை.

முதல் நாள் நானூற்றுப் பன்னிரண்டு பிழைகள்.
மூன்றாம் நாள் ஒன்பது.
நான்காம் நாள், ஏனோ, அறுநூறு.

ஒவ்வொரு சாக்கெட்டும் ஒரு கோப்பு
என்று நம்புகிறது நூலகம்.
இங்கே சாக்கெட் என்ற பேச்சே இல்லை.
ஏகப்பட்ட இழைகள் ஒரே நேரத்தில் ஓடும் என்று நம்புகிறது.
இங்கே நடப்பது பந்தி:
ஒருவன் இலையை மடித்து எழுந்தால்தான்
அடுத்தவன் உட்காரலாம்.
பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்று
என் நிரல் சம்மணமிட்டுவிட்டால்
திரையில் கடிகாரமுள் உறையும்,
நுண்ணோக்கி பாதி மீனில் நிற்கும்.
கொஞ்சம் படி, எழுந்திரு.
கொஞ்சம் எழுது, எழுந்திரு.
இரண்டு வாரம் இதையே
ஆயிரம் இடங்களில் செருகினேன்.

பிறகு காலம்.
நூலகத்துக்கு உலகம் 1970இல் பிறந்தது.
பெட்டிக்கு 1904இல்.
நடுவில் அறுபத்தாறு ஆண்டு, பதினேழு லீப் நாள்,
நொடிக்கணக்கில் இருநூற்றெட்டுக் கோடிச் சொச்சம்.
கழித்தேன்.
இரண்டு உலகப் போர்களும்
ஒரே வரியில் கழிந்தன.

வெள்ளிக்கிழமை இணைப்பு கிடைத்தது.
கைகுலுக்க மட்டும் நாற்பது நொடி;
பெரிய எண்களைப் பெருக்கிப் பெருக்கி
மின்விசிறி இரைந்தது.
கத்தியைத் துடைத்தபடி
'சரி' என்றாள் மிர்த்தா.

திங்கள் பகல் பதினொன்றுக்கு மறுத்தது:
சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை.
இரண்டு மணிக்கு ஏற்றுக்கொண்டது.
நான் எதையும் தொடவில்லை.
தானாகச் சரியான பிழையோடு
எப்படித் தூங்குவது?

இரவெல்லாம் பூட்டைக் குடைந்தேன்.
காலையில் மாத்தே குவளையோடு வந்தவள்
திரை மூலையைப் பார்த்துக் கேட்டாள்:
இந்தக் கடிகாரம் எந்த ஊர் நேரம்?

இந்த ஊர் நேரம்தான்.
ஆனால் நான் அதை
கிரீன்விச் என்று நூலகத்திடம் சொல்லியிருந்தேன்.
மூன்று மணி நேரம் பின்தங்கிய பெட்டி,
அன்று பதினொன்றுக்கு அச்சிட்டுக் கொடுத்த தாளை
நாளை வா என்பதுபோல்
வாசலில் நிறுத்தியிருக்கிறது.
தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்று
ஒரு மூலையில் அது குறித்துத்தான் வைத்திருந்தது.
கேட்க எனக்குத்தான் தோன்றவில்லை.

இப்போது கேட்கிறேன், பதினோரு வரியில்.
முதலில் போனது:
மெர்லூசா, பெண், ஐம்பத்து நான்கு சென்டிமீட்டர், வளையம் ஏழு.
பெற்றுக்கொண்டோம் என்றது அமைச்சகம்.

கிளம்பும்போது சொல்லவேண்டியிருந்தது:
2040 பிப்ரவரியில்
இந்தப் பெட்டியிடம் நொடிகள் தீர்ந்துவிடும்.
அவள் அடுத்த கல்லை லென்ஸுக்கடியில் தள்ளினாள்.
இன்றைக்குப் பிறந்த மெர்லூசாவும்
அவ்வளவு நாள் இருக்காது என்றாள்.
எட்டு என்றாள் பிறகு.
இல்லை, ஒன்பது.