பாலத்துக் காவலன் கேட்டது

பெலெம் நகரில் மூன்று மணிக்கு மழை வரும்.
மழைக்கு முன்பா, பின்பா என்று கேட்டுத்தான்
இங்கே ஆட்கள் சந்திக்க நேரம் குறிப்பார்கள்.
டால்மோ இன்று மழையோடே வந்தான்,
சட்டைக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றிய புது கன்சோலோடு.
இவொனெச்சி, பழசை மறுபடி போட்டிருக்கிறார்கள் என்றான்.
நம்ம பாலத்துக்காரனும் இருக்கிறான்.

அன்று அது ஒரு சாம்பல் நிறக் கேட்ரிட்ஜ்.
வால்டோமிரோவின் கடையில் மணிக்கணக்குக்கு வாடகை.
அவர் மனைவி முட்டை வேகவைக்கிற கடிகாரம்
எங்கள் தலைக்கு மேலிருந்து
டிக் டிக்கென்று காசைத் தின்னும்.
இரண்டு பேருக்கு ஒரு கன்ட்ரோலர்.
எழுத்தெல்லாம் ஜப்பானியம்.
அவனுக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினொன்று;
போர்ச்சுகீசியத்திலேயே நான் தப்பும் தவறுமாய் எழுதுவேன்.

ஆகவே கதையை நாங்களே சொல்லிக்கொண்டோம்.
கிணற்றடியில் நிற்கும் சிவப்பு உடைக்காரி
பிள்ளையைத் தொலைத்தவள்.
அந்தக் கோழி, மந்திரத்தில் மாட்டிய மேயர்.
பாலத்தின் நடுவே ஈட்டியோடு நிற்பவன் துரோகி:
அப்பாவிடம் லாரியை இரவல் வாங்கிப் போய்த்
திரும்பியே வராத எவரால்டோவின் பெயரை
அவனுக்கு வைத்தோம்.

அவன் நான்கு வரி ஏதோ சொல்வான்.
அடியில் இரண்டு சொல், மேலே ஒன்று கீழே ஒன்று.
மேலதை ஒரே ஒரு தடவை அழுத்தினோம்.
இசை நின்றது. ஓரங்களிலிருந்து திரை கறுத்தது.
செத்தோம் என்று டால்மோ அலற
நான் பிளக்கைப் பிடுங்கினேன்.
பதினேழு நிமிடம் பாக்கியிருந்தது,
வால்டோமிரோ திருப்பித் தரவில்லை.

அதற்கப்புறம் எப்போதும் கீழ்ச்சொல்தான்.
அதை அழுத்தினால் ஈட்டி நீளும், சண்டை வரும்,
ஐந்தாறு வெட்டில் ஆள் ஆற்றில்.
எத்தனை சனிக்கிழமைகள்.
எத்தனை எவரால்டோக்கள்.

புதியதில் புல் ஒவ்வொன்றும் தனியே அசைகிறது.
கோழிக்கு இறகு முளைத்திருக்கிறது.
ஒரு பொத்தானைத் தட்டினால்
எல்லாம் பழையபடி சதுரம் சதுரமாகும்;
தட்டிப் பார்த்தோம், கண் வலித்தது, மாற்றிவிட்டோம்.
மொழி என்ற இடத்தில்
டால்மோ என்னைக் கேட்காமலே போர்ச்சுகீசியத்தை வைத்தான்.

சிவப்பு உடைக்காரி சொன்னாள்:
"கயிறு தேய்ந்திருக்கிறது, வாளியைப் பார்த்து இறக்கு."
கோழி சொன்னது: கொக்கரக்கோ.
இருபத்தொன்பது வருடமாய் அந்த மேயருக்காக
நான் கொஞ்சம் வருத்தப்பட்டு வந்திருக்கிறேன்.

பாலம்.
அதே ஈட்டி. இப்போது அவனுக்கு முகம் வந்திருக்கிறது,
எவரால்டோவின் சாயல் துளியும் இல்லை,
இரவு ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற
யாரோ ஒருவனைப் போல.
"ரொம்ப தூரம் நடந்திருக்கிறாய்.
காலையிலிருந்து இந்த வழியில் ஆளே இல்லை.
நின்று நின்று எனக்கும் கால் கடுக்கிறது.
கொஞ்சம் உட்காரலாமா?"

மேலே: சரி.
கீழே: முடியாது, வழியை விடு.

தகரத்தில் மழை பேசியது, நாங்கள் பேசவில்லை.
உட்காரக் கூப்பிட்டவனையா, என்று தொடங்கிய டால்மோ
பாதியில் நிறுத்திக்கொண்டு
லாரியை விற்றுத் தின்றவன்தானே அவன் என்றான்.
அது வேற எவரால்டோ என்றேன்.

மேலதை அழுத்தினேன்.
இசை நின்றது. ஓரங்களிலிருந்து திரை கறுத்தது.
டால்மோவின் முப்பத்தெட்டு வயதுக் கை
தன்பாட்டுக்குச் சுவர்ப் பக்கம் போனது, பிளக்கைத் தேடி.
பொறு என்றேன்.

கறுப்பு.
இன்னும் கறுப்பு.
தவளைச் சத்தம், வாய்க்காலிலிருந்தா டிவியிலிருந்தா தெரியவில்லை.
பிறகு ஒரு புள்ளி வெளிச்சம். தள்ளி இன்னொன்று.
கீழே தண்ணீரில் அவை நடுங்கின.
அங்கே ராத்திரி ஆகியிருந்தது, அவ்வளவுதான்.
ஈட்டியைக் கைப்பிடியில் சாய்த்துவிட்டு
அவன் காலை நீட்டியிருந்தான்.
பக்கத்தில் எங்கள் ஆள்.

எழுந்து போக எந்தப் பொத்தான் என்று டால்மோ கேட்டான்.
தெரியவில்லை.
மழை எப்போது விட்டது என்பதும்.