பதினெட்டு பார் ஓய்வு

எங்களுக்குப் படம் தெரியாது.
திரைக்குக் கீழே, திரைக்கு முதுகு காட்டி
இருபத்தாறு பேர்.
வயோலா இரண்டு. ஒன்று நான்.
தியோடர் சார் மட்டும் நிமிர்ந்து பார்த்துக் கையசைப்பார்.
ராணி விஷம் குடிக்கிறாளா குதிரை ஏறுகிறாளா
அவர் புருவத்தைக் கேட்டால் உண்டு.

எழும்பூர் மியூசியம் தியேட்டர்.
அரைவட்டமாய் ஏறும் நாற்காலிகள்.
ஏசி மக்கர் செய்த மார்ச் மாதச் சனிக்கிழமை
முகங்களின்மேல் ஓடிக்கொண்டிருந்தது படம்:
வெளுப்பு, சாம்பல், மறுபடி வெளுப்பு.
யாரோ ஒருவரின் மூக்குக்கண்ணாடியில்
கடுகளவு கோட்டை, கடுகளவு புகை.
நான் பார்த்தது அவ்வளவுதான்.

தொண்ணூறு வருஷத்துக்கு முந்தையது.
புரசைவாக்கம் பக்கம் கூரையில்லாத அரங்கில்
வெயிலையே விளக்காக்கி எடுத்தார்களாம்.
எடுத்தவர் பெயர் இருக்கிறது.
ராணியின் பெயர் இருந்த துண்டு
எரிந்துபோயிற்று.

நாலாம் சுருள்.
இளவரசன் செத்துக் கிடக்கிறான்.
ஹெப்சிபா செல்லோவின் ஒற்றைக் கம்பியை
அறுத்தேவிடுவது போல் இழுக்கிறாள்.
எனக்குப் பதினெட்டு பார் ஓய்வு.
(பார் என்றால் இங்கே அளவு,
பார்க்கச் சொல்வதில்லை.
ஆனாலும் பார்த்தேன்.)
எண்ணூறு கண்கள் கலங்கிய அந்த நேரத்தில்
மூன்றாம் வரிசையில் ஒரு பெண்
சிரித்தாள்.

கையால் பொத்திக்கொண்டாள்,
விரலிடுக்கில் வழிந்தது.
பக்கத்து இருக்கைக்காரர் முறைத்தார்.
தியோடர் சாரின் குச்சி அரைக்கணம் வழுக்கியது.

முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி
படிக்கட்டில் அவளைப் பிடித்தேன்.
“எங்க பக்கம் ஏதாவது பிசகா?”
என் வாயையே பார்த்தாள்.
காதைத் தொட்டு, கை விரித்தாள்.
பிறகு செல்போனில் தட்டிக் காட்டினாள்:

*நசீமா. ஆர்.எம்.எஸ்.ஸில் தபால் பிரிக்கிறேன்.
பிறந்ததிலிருந்து கேட்காது. உதடு படிப்பேன்.
“மகனே, என்னையும் அழைத்துப் போ” என்று
அட்டை போடுகிறார்கள்.
அவள் அதைச் சொல்லவேயில்லை.
“காலு பொசுக்குது, எம்மாம் நேரம்டா எடுப்பீங்க”
என்று கேமராக்காரனைத் திட்டுகிறாள்.
நெஞ்சில் அடித்துக்கொண்டே.*

நானும் சிரித்துவிட்டேன், வாசலில் நின்று,
மூன்று மாதம் அந்த அழுகைக்கு ஒத்திகை பார்த்தவன்.
அவள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள்.

*அப்புறம் பையன்மேல் குனிகிறாள்.
பாதி முகம்தான் தெரிகிறது, ஆனால் எண்கள் சுலபம்.
“கண்ணத் தொறக்காத ராசா,
மூணு எண்ணு, முடிஞ்சிரும்.
ஒண்ணு, ரெண்டு...”
அதோடு வெட்டிவிட்டார்கள்.*

பாந்தியன் சாலையில் ஆட்டோக்கள்
ஆளுக்கொரு சுருதியில் கத்தின.
அவளுக்கு அது எதுவுமில்லை.
டூப்ளிகேட் சாவி செய்பவரின் தள்ளுவண்டியருகே
செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு
கடைசியாய் ஒன்று காட்டினாள்:

*நீங்களும்தான் பேசினீர்கள்.
வில்லை இறக்கிய இடத்திலெல்லாம் எண்ணினீர்கள்.
பதினொன்று, பன்னிரண்டு.
நடுவே ஒருமுறை, ஒன்பது நாற்பது போச்சு, என்று.*

போய்த்தான் இருந்தது.
அடுத்த வண்டியில் பழவந்தாங்கல் வரை
வாயைக் கைக்குட்டையால் மூடி உட்கார்ந்திருந்தேன்,
எதிரில் இருந்தவர் என்னைச் சளிக்காரன் என்று
தள்ளி உட்கார்ந்தார்.

ஞாயிறு, இரண்டாம் காட்சி.
மூன்றாம் வரிசையில் வேறு யாரோ, பாப்கார்னோடு.
நாலாம் சுருள். ஹெப்சிபா இழுக்கிறாள்.
என் முதுகுக்குப் பின்னால் சுடுமணல்.
பதினெட்டு பார்.
ஒன்று.
இரண்டு.
குனிந்துவிட்டாள் என்று
சாரின் புருவம் சொன்னது.
மூணு, என்றேன், சத்தமாகவே.
அதன்பின் எண்ணிக்கை எங்கே போனதென்று தெரியவில்லை,
ஒரு பார் முன்னதாகவே
வில்லை வைத்துவிட்டேன்.

தியோடர் சார் என்னைப் பார்த்த பார்வைக்கு
அட்டை தேவையில்லை.