பன்னிரண்டாவது பெட்டி

அகுரேயரி நீச்சல்குளம், காலை ஆறரை.
வெளியே பனி, உள்ளே ஆவி.
ஈரத் துண்டோடு பன்னிரண்டு பேர்
அவரவர் பெட்டியின் பொத்தானை அழுத்துகிறார்கள்.
யார் அழுத்தினாலும்
பன்னிரண்டாம் பெட்டிதான் திறக்கிறது.

அதில் ஓர்முர் என்பவரின் கம்பளிச் சட்டை,
மீன் வாடை போகாத கையுறை,
பாதி காலியான அதிமதுர மிட்டாய்ப் பொட்டலம்.
மூன்றாம் பெட்டிக்காரி பார்த்துவிட்டாள்.
ஏழாம் பெட்டிக்காரர் இரண்டு தடவை பார்த்தார்.
ஓர்முர் ஒவ்வொரு முறையும்
ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு
மறு கையால் சாத்தினார்.

"ஸ்டெய்ன்வோர், உன் பெட்டிகளுக்குப் பைத்தியம்"
என்றான் ஹ்யால்டி, போனில்.

நிரல் என்னுடையது. ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷன்.
உள்ளே இருப்பது வெளியைப் பார்க்கும்,
வெளியே நிற்பதற்கு உள்ளே தெரியாது,
எங்கள் சானா அறைக் கண்ணாடி மாதிரி.
தேடும் பெயர் தன்னிடம் இல்லையென்றால்
அடுத்த சுவரைத் தாண்டிக் கேட்கும்,
அங்கும் இல்லையென்றால் அதையும் தாண்டி,
கட்டடத்தின் வாசல் வரைக்கும்.
வாசலிலும் கிடைக்காவிட்டால்
கையை விரித்துவிடும், சிவப்பு எழுத்தில்.

இதெல்லாம் தெரியும்.
தெரிந்தேதான் சறுக்கினேன்.

ஒரு சுழற்சி. அதில் எண் என்றொரு மாறி.
ஒன்று, இரண்டு என மாறி மாறி
பன்னிரண்டில் மாறுவதை நிறுத்தியது.
வழியில் பிறந்த குட்டி ஃபங்ஷன்கள்
எண் இருக்கும் இடத்தைத்தான்
மனதில் குறித்துக்கொண்டு போயின,
எண்ணை எடுத்துக்கொண்டு போகவில்லை.
காலையில் விரல் பட்டதும் திரும்பிப் பார்த்தன.
அங்கே பன்னிரண்டு உட்கார்ந்திருந்தது.
அவை பொய் சொல்லவில்லை, பாவம்.
பன்னிரண்டு பேருக்கு
ஒரே ஒரு வெளியைக் கொடுத்தது நான்.

திருத்தம் மூன்று வரி:
நடுவில் இன்னொரு ஃபங்ஷன்.
ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக அழைத்தால்
அந்தச் சுற்றின் எண்ணை வாங்கித்
தன் சுவருக்குள் வைத்துக்கொள்ளும்.
அதற்கும் எண் என்றே பெயர் வைத்தேன், சோம்பல்தான்.
குழப்பம் வராது. கிட்டே இருப்பதுதான் முந்தும்.
இந்த ஊரில் எனக்கு மூன்று ஹ்யால்டிகளைத் தெரியும்;
குளக்கரையில் நின்று கூப்பிட்டால்
குளத்து ஹ்யால்டிதான் திரும்புகிறான்.

ஏழு நாற்பது.
மூன்றுக்கு மூன்று திறந்தது, ஏழுக்கு ஏழு.
முடி விறைத்துப்போனவர்கள் பேசாமல் உடுத்தினார்கள்.
ஓர்முர் மட்டும் சட்டையை மாட்டாமல்
பொட்டலத்தை வெளியே நீட்டினார்,
"எல்லாரும் பார்த்தாகிவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள்."

மூன்றாம் பெட்டிக்காரி தலையசைத்தாள்.
அவள் வாயில் ஏற்கெனவே ஒன்று இருந்தது.