1.2ஆ

லெபோ அம்பாங் கடையிலிருந்து புகார் வந்தது.
பத்தொன்பதாம் மாடியில் ஏசிக்குள் உட்கார்ந்து
எண்களுக்கு உடை தைப்பவள் நான்.
'உன் மொழிதானே, நீயே போய்ப் பார்'
என்று நான்கு மணி மழைக்குள் இறக்கிவிட்டார்கள்.

காளிராஜ். முதுகுளத்தூர்.
ரொட்டிக் கடையில் இரவு ஷிப்ட்.
முன்கையில் காய்ந்த மாவு
பேசப் பேச உதிர்ந்தது.
"ஆயிரத்து இருநூறு வெள்ளி போட்டேன் மேடம்.
உங்க மெஷின் என்னையே கேள்வி கேக்குது."

கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன்.
அனுப்பும் தொகை: RM 1.2ஆ

ஒன்று புள்ளி இரண்டா?

சின்னத் திரை, இடம் போதாது என்று
சுருக்கச் சொன்னவள் நான்தான்.
ஆங்கிலத்தில் ஒரு கே, இந்தோனேசியனில் ஒரு ஆர்பி,
இரண்டும் வாயை மூடிக்கொண்டு நிற்கின்றன.
தமிழில் மட்டும்
ஆயிரம் வாயைத் திறந்துவிட்டது.

"மாசம் பூரா அடுப்புக்கிட்ட நின்னதுக்கு
இவ்ளோதானான்னு கேக்குற மாதிரி இருக்கும்.
ஆமாப்பா ஆமான்னு மறுபடி அழுத்துவேன்."
மூன்று மாதமாக அழுத்தியிருக்கிறார்.
இரண்டு தடவை ஒன்றும் ஆகவில்லை.
மூன்றாம் தடவை
இரண்டு ஆமாமுக்கும் இரண்டு ஆயிரத்து இருநூறு போய்விட்டது.
அறை வாடகை, சாப்பாடு, எல்லாம் அதற்குள்.
அங்கே அவர் மனைவி அதை
அன்றைக்கே ஏஜெண்டு கடனில் கட்டிவிட்டாள்.
அவள் அனுப்பிய ரசீதைக் காட்டினார்:
மீதி 1,50,000.

நான் ஒரு நொடி தடுமாறினேன்.
என் காற்புள்ளி மூன்று மூன்றாய் நடந்து பழகியது.
எங்கள் வீட்டில் நூற்றைம்பதாயிரம் என்போம்.
அவருடையது முதலில் மூன்று தாண்டி
அப்புறம் இரண்டிரண்டாய்த் தாண்டும்.
இருவரும் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தோம்.
கடன் மட்டும்
எனக்கு ஓர் இடத்தில் மூச்சு வாங்கியது,
அவருக்கு வேறு இடத்தில்.

ராத்திரி கோப்பைத் திறந்து வைத்தேன்.
போன மாதப் பிழையும் அதிலேயே கிடந்தது:
செராஸில் வீட்டு வேலை செய்யும் வகிரா
1.500 என்று தட்ட,
ஒன்றரை வெள்ளி ஜாவாவுக்குப் போனது.
கட்டணம் எட்டு வெள்ளி.
அவர் ஊரில் புள்ளிதான் ஆயிரம்,
காற்புள்ளிதான் சில்லறை.
அதை நாங்கள் அவரிடம் கேட்டதில்லை.

நாணயத்தின் பெயர் 'மலேசியன் ரிங்கிட்' என்றிருந்தது.
என் தெருவில் யாரும் அப்படிச் சொல்லி
ஒரு கட்டு கீரை வாங்கியதில்லை.
'வெள்ளி' என்று மாற்றினேன்.
மொழிபெயர்ப்பியில் போட்டுப் பார்த்த ஹஃபிஸுதீன்
அங்கிருந்து கத்தினான், அது கிழமை இல்லையா?
கிழமைதான்.
வானத்தில் ஒரு கோளும்தான்.
காளிராஜுக்குச் சம்பளமும் அன்றைக்குத்தான்.
மாற்றத்தை நிராகரித்துவிட்டான்.
சரி, இன்னொரு நாள் சண்டை போடலாம்.

'சுருக்கு' என்ற ஒரு சொல்லை மட்டும் அழித்தேன்.
ஒரு பட்டன் ஒரு தரம் அழுந்தினால்
அடுத்த நிமிஷம் வரை செவிடாக இருக்கும்படி
இன்னும் நான்கு வரி.
போன பணத்துக்கு
என்னிடம் வரி எதுவும் இல்லை.

அடுத்த மாதம் கவுண்டர் பக்கம் போயிருந்தேன்.
RM 1,200.00 என்று முழுசாக நின்றது,
RM ஒரு வரியில் தொகை மறுவரியில் என்று
பிரிந்துவிடாமல், நடுவே உடையாத ஓர் இடைவெளியோடு.
கட்டணம் எட்டு வெள்ளி நாற்பத்தெட்டு காசு;
ஒரு காசு நாணயம் ஒழிந்துபோன நாட்டில்
ஐம்பதாக வாங்கிக்கொண்டார்கள்.

காளிராஜ் விரலால் பூஜ்யங்களைத் தொட்டு எண்ணினார்.
புள்ளிக்கு அப்பால் சும்மா நின்ற
இரண்டையும் விடவில்லை.
"இப்ப எதுவுமே கேக்க மாட்டேங்குது மேடம்."

ஒரு தரம் அழுத்தினார்.
அப்புறம் அந்தக் கையை எடுத்து
சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.